கூட்டத்துக்குச் சொன்ன நேரம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. ஏதாவது ஒரு பிழை இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

லண்டன் இல்ஃபோர்டில் இந்தத் தெருவுக்கு நாங்கள் வந்தபோது, தமிழ் வீடு என்று இருந்தது எங்களுடையதும் மூலை வீட்டு அண்ணையுடையதும்தான். பிறகு ஒவ்வொன்றாகக் கூடி, இப்போது ஒரு பக்கம் முழுக்க எங்கள் ஆட்கள். அவர்கள் வர வர, தெருச் செய்தி சொல்லும் வேலை தானாக என்னிடம் வந்து சேர்ந்தது. எந்த நாள் எந்தக் குப்பை எடுப்பார்கள், எப்போது வீதியைக் கிண்டப் போகிறார்கள், எந்தக் காலை தண்ணீர் நிற்கும், நூலகம் சனிக்கிழமை திறக்குமா இல்லையா, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். யாரும் என்னை நியமிக்கவில்லை. யாரும் நன்றி சொன்னதும் இல்லை. ஆனால் ஞாயிறு பின்னேரம் மூலை வீட்டு அண்ணை தொலைபேசி எடுத்து, "தங்கச்சி, இந்தக் கிழமை பச்சைத் தொட்டியோ, நீலமோ?" என்று கேட்கும்போது, எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வரும். நாட்டின் பிரதமருக்கும் அப்படி வருமோ தெரியாது.

என் வேலை பல் வைத்தியரிடம். பல் பிடுங்குவது அல்ல, முன் மேசையில் இருந்து ஆட்களை வரவேற்பது. வெளியில் வாய் கிழியக் கதைக்கிறவர்கள் எல்லாம் வாயைத் திறக்கப் பயப்படுகிற இடம் அது. அங்கே நான் கற்றுக்கொண்டவை இரண்டு. ஒன்று, கோபத்தோடு காத்திருப்பவர்களைக் கதை கொடுத்துச் சமாளிப்பது. மற்றது, எங்கள் ஆட்களுக்கு நேரம் சொல்வது.

இந்த இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஆட்கள் எந்த விசேஷத்துக்கும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. பிறந்தநாள் விழாவுக்கு ஆறு என்று அட்டையில் போட்டிருந்தால், ஆறு மணிக்கு அந்த வீட்டுக்காரி குளித்துக்கொண்டிருப்பாள். ஆகவே தெருவில் எந்தக் கூட்டம் நடந்தாலும், நான் ஒரு மணித்தியாலம் முந்தித்தான் சொல்வேன். கூட்டம் ஏழுக்கு என்றால் ஆறு என்பேன். அவர்கள் ஏழுக்கு வருவார்கள். நான் முந்திச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அதைப்பற்றி ஒருநாளும் ஒருவரும் வாய் திறந்ததில்லை. இத்தனை வருடத்தில் எங்கள் கூட்டம் ஒன்றாவது பிந்தித் தொடங்கியதில்லை.

இப்படி இருந்த தெருவுக்குத்தான் அவள் வந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. புருஷனும் அவளும் கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டில் இருந்தபடியே. வந்த புதிதில் நான்தான் கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்து, குப்பை நாள் சொல்லி, தெருவின் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்துவிட்டேன். என் கையாலேயே சேர்த்தேன். இதை இப்போது நினைத்தாலும் அந்த விரலை நறுக்கலாம் போல இருக்கிறது.

முதலில் சும்மா இருந்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, "இந்த வாரம் நம்ம தெரு" என்று ஒன்று போட்டாள். கலர் கலராகப் படம். குப்பைத் தொட்டி எந்த நிறமோ அந்த நிறத்தில் ஒரு குட்டித் தொட்டி. வீதி கிண்டும் இடத்துக்கு வரைபடம். வாசிக்க முடியாதவர்களுக்காகத் தன் குரலிலும் சொல்லி ஒரு பதிவு. அதன் கீழே இதயமும் கைதட்டலும் பூவும் வந்து குவிந்தன. நான் அந்தக் குழுவில் எத்தனையோ வருடமாக எழுதுகிறேன், எனக்கு யாராவது போட்டால் ஒரு பெருவிரல் போடுவார்கள்.

அதைவிடக் கொடுமை எங்கள் வீட்டுக்குள் நடந்தது. என் கணவர் சனிக்கிழமை காலையில் பாணுக்குப் பட்டர் பூசியபடி அந்தப் பதிவைச் சத்தமாகப் போட்டுக் கேட்பார். அவள் குரல் எங்கள் குசினியெல்லாம் நிறையும்.

"நல்ல தெளிவான குரல் இந்தப் பிள்ளைக்கு," என்றார் ஒருநாள்.

"நான் சொல்லேக்க விளங்கேல்லையோ உங்களுக்கு?"

"நீர் சொன்னா ஏச்சுப் போல எல்லோ இருக்கும்," என்றார். மனிதர் பகிடியாகத்தான் சொன்னார். நான் அன்று முழுவதும் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

மூலை வீட்டு அண்ணையின் ஞாயிறு அழைப்பும் நின்றது. நான் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உடுப்பு மடிப்பேன். அடிக்காது. யன்னலால் பார்த்தால், அவர் வீட்டு வாசலில் சரியான நிறத் தொட்டி சரியான இடத்தில் நிற்கும். அவர் ஒருமுறையாவது பிழையான தொட்டியை வைக்கக்கூடாதா என்று மனம் ஏங்கும்.

பிழை விட்டது நான். ஒரு திங்கள் விடுமுறைக் கிழமையில், குப்பை ஒரு நாள் தள்ளித்தான் எடுப்பார்கள் என்று அவள் போட்டிருந்தாள். இந்த விடுமுறைக்குத் தள்ளுவதில்லை, எனக்குத் தெரியாததா என்று நான் வழமையான நாளுக்கே பையை வெளியில் வைத்தேன். தொட்டி நிறைந்திருந்ததால் ஒரு பை வெளியே. விடிய எழும்பிப் பார்த்தால், இந்த ஊர்த் தெருக்களில் இரவில் திரிகிற நரி வந்து பிரித்து மேய்ந்திருந்தது. மீன் தலை, இறால் கோது, முருங்கைக்காய்ச் சக்கை எல்லாம் நடைபாதையில் பரவிக் கிடந்தன. தெருவில் ஒரு வீட்டு வாசலிலும் குப்பை இல்லை, எங்களுடையதைத் தவிர. நான் தும்புத்தடியோடு வெளியே வருவதற்குள் அவள் கையுறையோடு வந்துவிட்டாள். அவள் சுத்த சைவம்.

"விடுங்கக்கா, உங்களுக்கு வேலைக்கு நேரமாச்சு. நான் பாத்துக்கறேன்," என்று சொல்லி, மூக்கைச் சுளிக்காமல் என் மீன் தலையைப் பொறுக்கிப் பையில் போட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் மனதுக்குள்ளாவது ஏசியிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை.

அந்தக் கோடையில்தான் படலைப் பிரச்சினை வந்தது. எங்கள் தெருமுடிவில் பூங்காவின் பின்பக்கக் கேற் இருக்கிறது. நாங்கள் படலை என்போம், அவள் கேட் என்பாள். அதற்குள்ளால் நடந்தால் பூங்காவைக் கடந்து கடைத்தெருவுக்கும் ஸ்டேஷனுக்கும் போய்விடலாம். இல்லாவிட்டால் பெரிய வீதியால் சுற்ற வேண்டும். மூலை வீட்டு அண்ணைக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது. அவர் காலையில் மெல்ல மெல்ல நடந்து போய் பூங்கா வாங்குப் பலகையில் இருந்து வெயில் காய்வது அந்தப் படலையால்தான். என் வேலைக்கும் அதுதான் வழி. யாரோ இரவில் பழைய மெத்தைகளையும் உடைந்த அலுமாரிகளையும் அதனருகில் கொண்டுவந்து கொட்டத் தொடங்கினார்கள். அதனால் படலையை நிரந்தரமாகப் பூட்டுவது பற்றி யோசிக்கிறோம், குடியிருப்பாளர்கள் ஏழு மணிக் கூட்டத்துக்கு வந்து கருத்துச் சொல்லலாம் என்று கவுன்சில் ஓர் அறிவித்தலைப் படலையிலேயே கட்டிவிட்டது. கூட்டம் நடக்கும் இடம் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபம்.

அந்த அறிவித்தலை முதலில் கண்டது நான். வேலைக்குப் போகிற வழியில் கண்டு, படமும் எடுத்தேன். தேநீர் நேரத்தில் ஆறுதலாக எழுதலாம் என்று நினைத்திருந்தேன். அன்று பார்த்து ஊரில் உள்ள பல்லெல்லாம் ஒன்றாகக் குத்தின. நான் தொலைபேசியை எடுத்துப் பார்த்தபோது, அவள் படலையின் படம், வரைபடம், சுற்றிப் போவதென்றால் எவ்வளவு தூரம், எல்லாம் போட்டு முடித்திருந்தாள். கீழே பெரிய எழுத்தில்: கூட்டம் மாலை ஏழு மணி.

எனக்குப் பகீர் என்றது. செய்தியைக் கொண்டுபோய்விட்டாளே என்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம், ஏழு என்று போட்டுவிட்டாளே. ஏழு என்று போட்டால் எங்கள் ஆட்கள் எட்டுக்கு வருவார்கள். எட்டுக்குக் கவுன்சில்காரர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. வேலை முடிந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கோப்பி தந்தாள். அதுவும் நல்லாய்த்தான் இருந்தது.

"பிள்ளை, கூட்டத்தை ஆறு எண்டு மாத்திப் போடும்," என்றேன்.

"ஏழுதானேங்க அக்கா? நோட்டீஸ்ல அப்படித்தானே இருக்கு?"

"ஏழுதான். அதுக்குத்தான் ஆறு எண்டு போடச் சொல்லுறன். எங்கட ஆக்கள் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வருவினம்."

அவள் சிரித்தாள். கேலியாக அல்ல. "இல்லைங்கக்கா. தெரிஞ்சே தப்பான நேரம் போட எனக்கு மனசு வராது. கவுன்சில் மீட்டிங் இது, கல்யாண வீடா? எல்லாரும் கரெக்டா வந்துருவாங்க, பாருங்க."

அதாவது நான் இத்தனை வருடமும் சொன்னது பொய், அவள் சொல்வது உண்மை. அவள் அப்படிச் சொல்லவில்லைதான். எனக்கு அப்படித்தான் கேட்டது. சரி, வாங்கிக் கட்டிக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கூட்டத்து அன்று மண்டபத்தைத் திறந்தது நான். அந்தச் சாவி என்னிடம்தான் இருந்தது. கோயிலின் பங்குச் சுவாமி என்னை நம்பித் தந்து வைத்திருந்த சாவி. கதிரைகளை வரிசையாகப் போட்டேன். வேண்டுமென்றே நிறையப் போட்டேன். வெறும் கதிரை கூடக் கூட அவளுக்குத் தன் பிழை நன்றாகத் தெரியும் அல்லவா?

ஏழு மணிக்குக் கவுன்சிலில் இருந்து ஒரு பெண் அதிகாரியும் எங்கள் பகுதிக் கவுன்சிலரும் வந்தார்கள். நாயோடு ஒரு ஆங்கிலக் கிழவி, ஒரு பஞ்சாபித் தம்பதி, தெருவின் மறுபக்கத்தில் இருக்கிற இரண்டு இளம் ருமேனியர்கள் வந்தார்கள். எதிர்வீட்டுப் பிள்ளை முன்வரிசையில், மடியில் கணினியோடு. புருஷனுக்கு அன்று அலுவலகம். தமிழ் ஆட்கள் என்று பார்த்தால் அவளும் நானும்தான். என் கணவர்கூட வரவில்லை. "ஏழு எண்டால் இப்ப என்ன அவசரம்?" என்று வீட்டில் குளிக்கப் போயிருந்தார்.

அதிகாரி திரையில் படம் காட்டத் தொடங்கினார். அந்தப் பிள்ளை அடிக்கடி திரும்பிக் கதவைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கதவை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? தேன் குடித்த மாதிரி இருந்தது. கடைசியில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பேச அவள் முறை வந்தபோது எழும்பினாள், கதவைப் பார்த்தாள், மறுபடி இருந்துவிட்டாள். நல்ல குரல் அது, அன்றைக்கு உதவவில்லை. அதிகாரி வெறும் கதிரைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, வந்திருப்பவர்களைப் பார்த்தால் இந்தப் படலையை அதிகம் பேர் பாவிப்பதாகத் தெரியவில்லை, பூட்டுவதில் பெரிய ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொள்ளலாமா என்று மிகப் பணிவாகக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூட்டினால் பழி அவளுக்கு, அது நல்லது. ஆனால் பூட்டுவது என் படலையை. நாளைக் காலை முழங்காலை இழுத்துக்கொண்டு பெரிய வீதியால் சுற்றப் போவது அண்ணை. அவள் தோற்பதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும், அதற்காகப் படலையையும் கொடுக்க முடியாது.

எழும்பினேன். காத்திருப்பவர்களைச் சமாளித்துச் சமாளித்துப் பழகிய வாய் அல்லவா? முதலில் அதிகாரிக்கு நன்றி சொன்னேன், வரும் வழியில் நெரிசலா என்று விசாரித்தேன். பிறகு எனக்குக் கண் சரியில்லை என்று சொல்லி, முதல் படத்திலிருந்து திரும்பக் காட்டச் சொன்னேன். பூட்டு எப்படிப்பட்டது, யார் திறப்பார், பூங்காவுக்குள் யாராவது விழுந்தால் அம்புலன்ஸ் எந்த வழியால் வரும், நாயோடு வந்திருக்கும் இந்த அம்மா என்ன செய்வார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்தக் கிழவிக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோசம். தன் நாயின் வரலாறு முழுவதையும் சொன்னார். நான் அதிலும் உபகேள்வி கேட்டேன். கவுன்சிலர் கொட்டாவி விட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம், "கடைசியாக ஒன்று," என்றேன்.

பிறகு கதவு திறந்தது. மூலை வீட்டு அண்ணை பொல்லை ஊன்றிக்கொண்டு முதலில் வந்தார். பின்னால் முழுத் தெருவும். பெண்கள் சேலையில், பிள்ளைகள் பள்ளிச் சட்டையில், ஒருத்தி கையில் ஒரு தட்டம் ரோல்ஸ். என் கணவர் தலை சீவி, சென்ட் அடித்து.

"தொடங்கிட்டுதோ?" என்று கேட்டார் அண்ணை, நல்ல நேரத்துக்கு வந்தவர் போல.

கதிரை போதவில்லை. அதிகாரி வாயைப் பிளந்து பார்த்தார். அண்ணை தன் முழங்காலைத் தட்டிக் காட்டித் தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னதும், பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் சொன்னதும் எல்லாம் எழுதப்பட்டன. அதற்குள் அந்தப் பிள்ளைக்கும் குரல் திரும்பிவிட்டது. இரவில் மட்டும் பூட்டலாம், மெத்தை கொட்டுகிறவர்களைப் பிடிக்க ஒரு கமரா வைக்கலாம் என்று அழகாகச் சொன்னாள். ஆட்கள் கைதட்டினார்கள். சில கிழமைகளில் அப்படியே முடிவாகியது.

அன்றிரவு குழுவில் வந்த நன்றிகளை நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாம் அவளுக்கு. "தங்கச்சி நீங்கள் இல்லாட்டி படலை போயிருக்கும்." "எங்கட தெருவுக்குக் கிடைச்ச பொக்கிஷம்." இதயம், பூ, கைதட்டல். கட்டிலில் படுத்திருந்த என் கணவர், "உம்மட்ட ஒண்டு கேக்கோணும்," என்றார்.

"கேளுங்கோ."

"நான் வரேக்க நீர் ஏதோ நாயைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு நிண்டனீர். ஏன் அவ்வளவு நேரம் இழுத்தனீர்? பாவம், அதுவரைக்கும் அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை சொல்ல விடேல்லையே."

தமிழ் ஆட்களில் நடந்தது தெரிந்தவள் ஒருத்தி மட்டும் இருந்தாள். மண்டபத்தைப் பூட்டும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இன்னைக்கு நீங்கதான் காப்பாத்துனீங்க," என்று சொன்னாள். என் வாழ்நாளில் நான் செய்த பெரிய கெட்டித்தனத்துக்கு ஒரே சாட்சி அவள். அதைப் பிறகு குழுவிலும் போட்டாள், "அக்காவுக்கும் நன்றி" என்று. எல்லோரும் அதற்கும் இதயம் போட்டார்கள், அவளுடைய அடக்கத்துக்காக.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது சுவாமி என்னைக் கூப்பிட்டார். "உங்களுக்கும் வேலை கூடிப்போச்சு. இனி அந்தத் தெருக்கூட்டங்களை அந்தப் பிள்ளை பாக்கட்டும். மண்டபத்துச் சாவியையும் அவவிட்ட குடுத்துவிடுங்கோ, ஓய்வா இருங்கோ," என்றார். எனக்கு நன்மை செய்வதாகத்தான் நினைத்தார். ஒரு ஞாயிறும் தவறாமல் கோயிலுக்கு வருகிற என்னிடமிருந்து வாங்கி, ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகிற அவளிடம் சாவி. சிரித்துக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். கன்னம் நொந்தது.

குளிர்காலம் வந்தது. பூங்காப் படலையை மாலையில் யார் முறை வைத்துப் பூட்டுவது என்று பேச ஒரு கூட்டம். சாவி கைமாறியபின் இடையில் நடந்த கூட்டம் ஒன்றுக்கும் நான் போகவில்லை, ஆனால் இது என் படலை. அவள் வழமைபோலப் படத்தோடு போட்டாள்: மாலை ஆறு மணி, கோயில் மண்டபம். அவள் ஆறு என்றால் ஆறுதான். தெரிந்தே பிழையான நேரம் போட மனம் வராத பிள்ளை அல்லவா? பிந்திப் போய் அவளுக்கு முன்னால் தலைகுனிய நான் தயாராக இல்லை. வேலையில் அரை மணித்தியாலம் முந்தியே கேட்டு இறங்கி, ஆறடிக்க மண்டப வாசலில் நின்றேன்.

கதவு பூட்டியிருந்தது. உள்ளே வெளிச்சம் இல்லை. தட்டிப் பார்த்தேன். சுற்றிப் போய்ப் பின்கதவையும் தட்டினேன். மழை தூறத் தொடங்கியது. குடை காரில், கார் கணவரிடம். ஒருவரும் வரவில்லை. குழுவைத் திறந்து பார்த்தேன், ஆறு என்றுதான் இருந்தது. நாள் பிழையோ என்று பார்த்தேன், நாளும் சரி. கோயில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கூரை உண்டு. அதற்குக் கீழே ஒதுங்கி, கால் விறைக்க நின்றேன்.

ஏழுக்குக் கொஞ்சம் முந்தி அவள் வந்தாள். ஒரு கையில் கோப்பிப் போத்தல், மறு கையில் சாவி. தொட்டிகளுக்குப் பக்கத்தில் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அய்யோ அக்கா! நீங்க எப்ப வந்தீங்க?"

"ஆறு எண்டு போட்டிருந்தனீர்."

"ஏழுங்கக்கா. நீங்க அன்னைக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியே ஒரு மணி நேரம் முன்னாடி போட்டேன். இப்ப எல்லாக் கூட்டத்துக்கும் அப்படித்தான் போடறேன். தெருவுல எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு." அவள் முகம் வாடிப்போனது. "உங்களுக்குத் தனியாச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லைக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் பிள்ளை," என்றேன், தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்தபடி. "கதிரை அடுக்குவம் எண்டு நேரத்தோட வந்தனான்."

அவள் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். நான் உள்ளே போய்க் கதிரைகளை இழுத்து வரிசைப்படுத்தினேன். சரியாக ஏழுக்கு அண்ணை வந்தார், பின்னால் தெரு முழுவதும் வந்தது, ஒருவர் தலையிலும் ஒரு துளி ஈரமில்லை. அந்தத் தெருவில் ஆறு மணி என்றதை நம்பி வந்த ஒரே ஆள் நான்தான்.